சென்னியப்பனுக்கு ஏமாற்றம் இல்லை

தலைமை விருந்தினர் வர இன்னும் இரண்டு மணி நேரமாவது ஆகும் என்று தெரிந்துவிட்டது. அதன் பிறகு மேடையில் இருந்தவர்களுக்கு ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லாமல் போயிற்று. பொன்னாடைகள் தீர்ந்துபோயின. முதலில் போர்த்தியவற்றையே மடித்துப் பின்பக்கமாக அனுப்பி மறுபடியும் போர்த்திக்கொண்டிருந்தார்கள். நரம்பியல் ஆய்வு மையத்தின் இயக்குநர் முனைவர் திருஞானசுந்தரம் மட்டும் தன்னுடையதைக் கழற்றிக் கொடுக்கவில்லை. 'நரம்பியல் ஞாயிறு' என்று அவருக்குப் பட்டம் கொடுத்திருந்தார்கள். ஞாயிறு தன் கதிர்களைத் திருப்பிக் கொடுப்பதில்லை.

"மனித குலத்தின் மாபெரும் பகைவன் யார்?" என்று அவர் ஒலிபெருக்கியைக் கேட்டார். "பசியா? பிணியா? இல்லை! ஏமாற்றம்! நம் நடுமூளையில் ஒரு சிறு நரம்பணுக் கூட்டம் இருக்கிறது. எதிர்பார்த்தது கிடைத்தால் அது படபடவெனத் துடித்துக் குதூகலிக்கும். கிடைக்காவிட்டால் ஒரு கணம் மௌனித்துப்போகும். அந்த மௌனத்தின் பெயரே ஏமாற்றம். மூளை தானே சுரக்கும் ஒரு நியூரோபெப்டைடை, ஒரு சின்னஞ்சிறு புரதத் துணுக்கைச் சற்றே செப்பனிட்டு நாம் மூக்கு வழியே செலுத்துகிறோம். மௌனம் மடிகிறது! அதுவே நமது 'உவகை'!"

கைதட்டல் எழுந்தது. அந்தப் பெயரை முடிவு செய்ய அமைத்த குழு, மருந்தின் பக்கவிளைவுகளை ஆராய அமைத்த குழுவைவிட அதிகத் தடவை கூடியிருந்தது.

மேடையின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த யசோதா கைதட்டவில்லை. எலிகளின் நடுமூளைக்குள் தலைமுடியைவிட மெல்லிய கம்பியைச் செருகி, அங்கே நரம்பணுக்கள் துடிப்பதை ஸ்பீக்கரில் கேட்பது அவள் தொழில். இயக்குநர் இப்போது முழங்கிக்கொண்டிருந்த மௌனத்தை முதலில் காதால் கேட்டவள் அவள்தான். மேடைக்குப் பின்னால் தொங்கிய பேனரில் 'உவகை' செலுத்திய ஒரு வெள்ளை எலி நெம்புகோலை அமுக்கிக்கொண்டிருந்தது. கீழே கொட்டை எழுத்தில் 'விடாமுயற்சி'. படம் எடுத்ததற்கு வெகு முன்பே அந்த நெம்புகோலில் தீனி வருவதை நிறுத்திவிட்டிருந்தார்கள். தீனி கூண்டின் மறுமூலையில் குவிந்து கிடந்தது. எலி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, அமுக்கிக்கொண்டே இருந்து செத்தது. அந்தச் சாவு பேனரில் இல்லை.

"வறட்சி மாவட்டங்களுக்கு முதலில் 'உவகை' போய்ச் சேரும்! நிவாரணத்துக்கும் முன்பாக!" என்று இயக்குநர் முழங்கியபோது யசோதாவின் கைபேசி அதிர்ந்தது. மருந்துச் சோதனையில் இருக்கும் சென்னியப்பனின் மனைவி மயிலாத்தாள்.

"அம்மிணி, அவரு மறுக்கா கெணத்துக்குள்ள எறங்கீட்டாருங்க."

"மழையில சரிஞ்ச கிணறா?"

"அதேதானுங்க. மேல வெடிப்பு உட்டிருக்குது. கூப்புட்டா வர மாட்டீங்கறாரு. ஊர்ல ஆரையும் கூப்புட முடியலீங்க. போன தடவையும் அதுக்கு மின்னாடியும் ஓடியாந்தாங்க. இப்ப 'உன்ற ஊட்டுக்காரருக்கு இதே பொழப்பு'ன்னுட்டாங்க."

ஊர்க்காரர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுடைய நடுமூளை சரியாக வேலை செய்தது.

தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டு யசோதா மேடையின் பக்கவாட்டுப் படியில் இறங்கினாள். பேச்சை முடித்து வியர்வை துடைத்துக்கொண்டிருந்த இயக்குநர் அவளை மறித்தார்.

"எங்கே புறப்பாடு?"

"சென்னியப்பன் சார். இடிஞ்சு விழப்போற கிணத்துக்குள்ள இருக்கார்."

"நம் சென்னியப்பனா? மேடையேறி அனுபவம் பகிர வேண்டியவர் ஆயிற்றே!" அவர் முகத்தில் உண்மையான பதற்றம் தெரிந்தது. "நானும் வருகிறேன். விருந்தினர் வருவதற்குள் அவரை அழைத்து வந்துவிடலாம்."

காரை யசோதா ஓட்டினாள். முன்னிருக்கையில் உட்காருவது பதவிக்கு இழுக்கு என்பதால் இயக்குநர் பின்னால் பொன்னாடையோடு சாய்ந்திருந்தார். எனவே வாக்குவாதம் முழுவதும் கண்ணாடி வழியாகவே நடந்தது.

"மேடையில நீங்க பாதிதான் சொன்னீங்க சார்."

"மீதி என்னவோ?"

"அந்த மௌனம் வெறும் வலி இல்ல, அதுதான் பாடம். 'இது இனிமே வராது, விட்டுடு'ன்னு மூளை கத்துக்கிறதே அந்த ஒரு கணத்துலதான். ஃபியூஸ் போன பல்புன்னா நாம ரெண்டு தடவை சுவிட்ச தட்டிப் பார்ப்போம். அப்புறம் பல்பை மாத்துவோம். சென்னியப்பன் தட்டிக்கிட்டே இருப்பார். ஒவ்வொரு தடவையும் எரியப்போகுதுன்னு முழுசா நம்பிக்கிட்டு."

"அதற்குப் பெயர் விடாமுயற்சி."

"எலிக்கும் அதே பேரைத்தான் வச்சீங்க."

"எலி வேறு, விவசாயி வேறு."

"ஆமா சார். எலி கிணறு வெட்டாது."

பொள்ளாச்சி சாலையில் ஒரு லாரியை முந்திக்கொண்டு கார் பறந்தது. இயக்குநர் கதவுப்பிடியைப் பற்றிக்கொண்டார். ஆனாலும் விடவில்லை. "நீங்களே அன்று கண்கலங்கினீர்களே, மறந்துவிட்டதா? சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த மனிதர். சோறு இறங்கவில்லை. நம் மருந்து அவரை எழுப்பி உட்கார வைத்தது."

அது உண்மைதான். சவரம் செய்துகொண்டு, சட்டை மாற்றிக்கொண்டு சென்னியப்பன் வார்டு வாசலில் நின்று சிரித்த காலையில் யசோதா கழிவறைக்குள் போய் அழுதாள். அதனால்தான் இப்போது ஆக்சிலரேட்டரை அவ்வளவு அழுத்தினாள்.

"நிவாரணம் வரலேன்னா இனி யாரும் கேட்கப் போறதில்ல, இல்லையா சார்?"

"நாட்டில் அமைதி நிலவும்," என்றார் இயக்குநர், கண்ணாடியைப் பார்க்காமல்.

செங்கோடம்பாளையத்தில் காய்ந்துபோன தென்னந்தோப்புக்கு நடுவில் அந்தக் கிணறு இருந்தது. கிழக்குப் பக்கம் பாறை. அதில் பொருத்திய கல்படிகள் கீழே இறங்கின. இடையில் சில படிகளைக் காணோம். மேற்குப் பக்கம் வெறும் சரளை மண். போன மழையில் பெரிய விள்ளலாகச் சரிந்து, மீதி எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று தெரியாமல் நின்றது. அந்த மண்ணின் விளிம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, கால் நுழையும் அகலத்துக்குத் தரையில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. கிழக்குப் பக்கப் பாறைமேல் மயிலாத்தாள் நின்றிருந்தாள். ஓடி ஓடிக் களைத்துப்போன பெண்ணின் நிற்பு அது. கீழேயிருந்து கடப்பாரைச் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது.

யசோதா பாறையில் மண்டியிட்டு எட்டிப் பார்த்தாள். ஆழத்தில் ஒரு தலைப்பாகை.

"சென்னியப்பன்! யசோதா வந்திருக்கேன்!"

"வாங்கம்மிணி!" குரலில் அப்படியொரு குதூகலம். "நல்ல நேரத்துக்குத்தான் வந்தீங்க. இன்னைக்கு ஊத்து புடிச்சிருமுங்க. மண்ணு ஈரந் தட்டுது!"

"நேத்தும் இதையேதான் சொன்னாரு," என்றாள் மயிலாத்தாள் தாழ்ந்த குரலில். "அது அவரு வேர்வைங்க."

"மேல மண்ணு வெடிச்சிருக்கு சென்னியப்பன்! போன வாரம் உங்க தோள்மேல விழுந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

"ஏனில்லாம? நெம்ப வலிச்சுதுங்க."

"அப்ப மேல வாங்க!"

"இன்னைக்கு உளுகாதுங்க."

"எப்படித் தெரியும்?"

கடப்பாரைச் சத்தம் நின்றது. அவர் உண்மையாகவே யோசித்தார். "அப்பிடித் தோணுதுங்க," என்றார் கடைசியில். சத்தம் மறுபடி தொடங்கியது.

இயக்குநருக்குப் பொறுக்கவில்லை. படித்தவர்கள் கெஞ்சினால் பாமரர் கேட்பதில்லை, கம்பீரமாகச் சொல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை. பாறைப் பக்கத்தில் ஏற்கெனவே இரண்டு பெண்கள் இருந்ததால் தனக்கென்று ஓர் இடம் தேடி மறுபக்கம் போனார்.

"சார், அங்க போகாதீங்க!"

"மதிப்பிற்குரிய சென்னியப்பன் அவர்களே!" என்று அவர் தொடங்கினார். ஒலிபெருக்கி இல்லாமலே மூன்று ஊருக்குக் கேட்கும் குரல். "இந்த வரலாற்றுச் சிறப்புமிக்க நன்னாளில், தங்கள் வருகைக்காக ஓர் அரங்கமே..."

அவர் காலடியில் மண் இளகியது.

"அய்யய்யோ! புடிங்க! யாராவது புடிங்களேன்!"

செந்தமிழ் முதலில் கிணற்றுக்குள் விழுந்தது. இயக்குநர் விழவில்லை. பின்பக்கமாக உட்கார்ந்து, அப்படியே நகர்ந்து, நான்கு காலில் தவழ்ந்து தென்னை மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் நின்றிருந்த இடத்திலிருந்து ஒரு கூடை மண் உள்ளே போயிற்று. தொம்மென்று சத்தம். தூசி மேலே எழுந்தது. கடப்பாரைச் சத்தம் இல்லை.

மயிலாத்தாள் யசோதாவின் தோளைப் பிடித்தாள். விரல்கள் எலும்பு வரை இறங்கின.

"ஒண்ணுமில்லீங்க!" என்று கீழேயிருந்து சிரிப்பு வந்தது. "மம்புட்டிதான் மூடிப்போச்சு. இனி உளுகாது!"

தூசி அடங்கியபோது தரையில் ஓடிய வெடிப்பு வாயைப் பிளந்திருந்தது. தீயணைப்பு வண்டியின் மணியோசை எங்கும் கேட்கவில்லை. யசோதா முதல் படியில் காலை வைத்தாள். மயிலாத்தாள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்க எறங்காதீங்க. எறங்குனா உங்களுக்குக் காட்டறக்குன்னு இன்னும் உள்ளார போயிருவாரு." அவள் குரல் இன்னும் தாழ்ந்தது. "ஒண்ணு சொன்னா வந்துருவாருங்க. தெனமும் அதச் சொல்லித்தானுங்க மேல எடுக்கறேன். இன்னைக்கு என்ற வாய்ல வர மாட்டீங்குது."

"என்ன சொல்லணும்?"

"பூபதி வந்திருக்கான்னு சொல்லோணும்."

அது இயக்குநருக்கும் கேட்டுவிட்டது. தென்னை மரத்தடியிலிருந்து இயக்குநர் கத்தினார்: "சொல்லுங்களேன் அம்மா! மகன்தானே? எங்கே வேலை பார்க்கிறான்? போன் போடுங்கள், அவனே பேசட்டும்!"

"சார்," என்றாள் யசோதா, திரும்பாமலே. "அந்தப் பையன் பைபாஸ்ல பைக்ல அடிபட்டுச் செத்துட்டான். அதனாலதான் இவர் சுவரைப் பார்த்துப் படுத்தார். அதனாலதான் நாம இவரைச் சேர்த்துக்கிட்டோம்."

முனைவர் திருஞானசுந்தரம் பொன்னாடையின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மேற்குப் பக்கத்திலிருந்து சரளை பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. யசோதா பாறை விளிம்பில் குனிந்தாள்.

"சென்னியப்பன்! பூபதி வந்திருக்கான்!"

கடப்பாரை கல்லில் விழும் சத்தம் கேட்டது. எறிந்துவிட்டார்.

"எறங்கீட்டானா? ஊட்டுக்கு வந்தானா, இங்கயே வந்துட்டானா?"

"இங்கதான் நிக்கிறான்!"

அவர் ஏற ஆரம்பித்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர் அவ்வளவு வேகமாக ஏறுவது பார்க்கவே பயமாக இருந்தது. ஒரு படியில் கால் வழுக்கியது. சிரித்தார்.

"மெதுவா வாங்க! படியைப் பாத்து!"

"என்ன சட்டை போட்டிருக்கறான்?"

யசோதா மயிலாத்தாளைப் பார்த்தாள். மயிலாத்தாள் கிணற்றைப் பார்க்காமல் தோப்பைப் பார்த்துக்கொண்டு, "நீலம்," என்றாள்.

"நீலச் சட்டை!"

"அதானே! அதத்தான் போடுவான்!"

பாதிக் கிணற்றில் படி இல்லாத இடம் வந்தது. பாறையில் ஒட்டிக்கொண்டு மேல்படிக்குக் கையை நீட்டினார். எட்டவில்லை. எதிர்ச்சுவரில் அடிப்பக்கத்திலிருந்து ஒரு பெரிய விள்ளல் பெயர்ந்து விழுந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எளச்சிருக்கறானா?"

"இல்ல! நல்லா இருக்கான்! கையை நீட்டுங்க, இன்னும் கொஞ்சம்!"

அவர் எம்பினார். விரல்கள் பற்றின. மீதிப் படிகளை ஏறி விளிம்புக்குக் கீழே வந்தார். இரண்டு பெண்களும் குனிந்து அவர் தோளையும் சட்டையையும் கிடைத்ததையெல்லாம் பிடித்து இழுத்துப் பாறைமேல் போட்டார்கள். அடுத்த மூச்சு விடுவதற்குள் மேற்குப் பக்கம் முழுவதும், வெடிப்போடும் விளிம்போடும், ஒரே முனகலாக உள்ளே போயிற்று. கிணற்றின் வாயிலிருந்து தூசி ஆள் உயரத்துக்கு எழுந்து அவர்கள்மேல் இறங்கியது. அவர் நின்று வெட்டிய இடம் இப்போது பல ஆள் ஆழ மண்ணுக்கு அடியில் இருந்தது.

சென்னியப்பன் அதைப் பார்க்கவில்லை. எழுந்து நின்று, கண்ணிலிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டு, தோப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எங்கீங்க?"

மயிலாத்தாள்தான் சொன்னாள், பழகிப்போன குரலில்: "இப்பத்தான் போனான்."

யசோதா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். படபடவென்று துடிப்பு, துடிப்பு, பிறகு சட்டென்று அந்த ஒரு கணம். அது வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. சிரிப்பு அப்படியே இருந்தது.

"அப்பிடியா? செரி. சாயங்காலம் வருவான்," என்றார் சென்னியப்பன்.

தென்னை மரத்தடியில் ஒரு கைபேசி ஒலித்தது. தலைமை விருந்தினர் வந்துவிட்டாராம், சொன்ன நேரத்துக்கு முன்பாகவே. அந்த மையத்தின் வரலாற்றில் அப்படி நடந்ததில்லை. இயக்குநர் எழுந்தார். பொன்னாடையை உதறினார், செந்தமிழையும் எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

"பார்த்தீர்களா டாக்டர்? இந்த முகத்தில் ஒரு துளி வாட்டம் உண்டா? இதே கோலத்தில் மேடையில் நிற்கட்டும், அரங்கமே எழுந்து நிற்கும்! வாருங்கள் சென்னியப்பன், காரில் ஏறுங்கள்."

"மன்னிச்சுக்கோங்க," என்றார் சென்னியப்பன் பணிவாக. "வர முடியாதுங்க. பையன் வர்ற நேரம். ஊடு பூட்டியிருந்தா அவன் பாட்டுக்குப் போயிருவான்."

"ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம்."

"அதுக்குள்ள வந்துட்டான்னா?"

"வர மாட்டான்யா!" இயக்குநரின் போர்வை மறுபடி நழுவியது. "அவன்தான் செத்துட்டானே!"

சென்னியப்பன் கோபப்படவில்லை. விவரம் தெரியாத பிள்ளையிடம் பேசுவதுபோல் பேசினார்.

"தெரியுமுங்க. நாந்தானுங்க கொள்ளி வெச்சேன். அதெல்லாம் நல்லாத் தெரியுது. ஆனா வந்துருவானுங்க."

சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார், வேகமாக.

இயக்குநர் கார்ச்சாவிக்குக் கையை நீட்டினார். யசோதா கொடுத்தாள்.

"நான் வரல சார். சோதனையை இன்னையோட நிறுத்தணும்னு நான் சொன்னேன்னு மேடையிலயே சொல்லிடுங்க. நீங்க சொல்லலேன்னா நாளைக்கு நான் வெளியில சொல்லுவேன்."

"நிகழ்ச்சி நிரலில் இடமிருக்கிறதா என்று பார்க்கிறேன்," என்று சொல்லிவிட்டு அவர் வேறு வழியில்லாமல் முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்து தானே ஓட்டிக்கொண்டு போனார்.

வீட்டு வாசலில் நாற்காலியைப் போட்டு, சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார் சென்னியப்பன். கை கால் கழுவவில்லை. பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் பாதி எழுந்தார், அது கடந்து போனதும் உட்கார்ந்தார். ஒவ்வொரு தடவையும் முதல் தடவைபோலவே எழுந்தார்.

உள்ளே மயிலாத்தாள் மருந்துப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மூக்கில் அடிப்பதற்கான சின்ன வெள்ளைப் புட்டி. சாயங்கால வேளைக்கு நேரமாகியிருந்தது.

"நிறுத்தீட்டா என்னாகுமுங்க?"

பொய் சொல்வது இங்கே எவ்வளவு எளிது என்று யசோதாவுக்கு அன்றுதான் தெரிந்திருந்தது. அதனால் கவனமாகப் பேசினாள்.

"கொஞ்ச நாள்ல மருந்து வடிஞ்சுடும். அப்புறம் மூளை கத்துக்க ஆரம்பிக்கும். இதுவரைக்கும் கத்துக்காம விட்டதையெல்லாம் ஒண்ணொண்ணா. கிணத்துல தண்ணி வரலேங்கறது முதல்ல தெரியும்."

"பையனுமா?"

"பையனும். நேத்துத்தான் நடந்த மாதிரி இருக்கும் அவருக்கு. மறுபடியும் படுத்துக்குவார். சாப்பிட மாட்டார். அதைவிட மோசமாக்கூட ஆகலாம். அதனால தனியா விட மாட்டோம். நான் இங்கயே வந்து தங்கறேன், இல்லேன்னா ஆஸ்பத்திரிலயே வச்சுப் பாத்துக்கலாம். ஆனா நிறுத்தறதா வேண்டாமாங்கறதை நீங்கதான் சொல்லணும். இப்ப அவர் சந்தோஷமாத்தான் இருக்கார். நாம கெடுக்கப் போறோம்."

வெளியே ஒரு பைக் போயிற்று. நாற்காலி கிறீச்சிட்டது. மறுபடி கிறீச்சிட்டது.

"மயிலா!" என்று கூப்பிட்டார் சென்னியப்பன். "பையனுக்கும் சேத்து ஒல வெய்யி!"

"ஆகட்டுங்க," என்றாள் அவள்.

அடுப்புப் பக்கம் போகவில்லை. புட்டியை இரண்டு கையாலும் மூடிப் பிடித்தாள். பிறகு யசோதாவின் கையில் வைத்தாள்.

"பூபதி போனதுலருந்து நான் ஒருத்தியேதானுங்க அழுதுட்டிருக்கறேன்," என்றாள். "அவரையும் கூட்டியாந்துருங்க."